ஒட்டிக் கட்டிய சுவர்

ஜனவரி 22

கிணற்றுத் தண்ணீரில் உப்பு இன்னும் போகவில்லை. சோறு வெந்து இறக்கினாலும் வாயில் வைத்தால் கடல்தான் தெரிகிறது. காலையில் கூரைமேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். கொல்லையில் விழுந்து கிடக்கும் தென்னைகளில் சிலவற்றை ஆள் வந்து அறுத்துக்கொண்டு போனான். மற்றவை கிடக்கின்றன, காலை நீட்டிப் படுத்த மாதிரி.

கார்த்திகையில் புயல் அடித்ததிலிருந்து எனக்கு வேலை இல்லை. பி.ஏ. வரலாறு படித்துவிட்டு இத்தனை காலம் தேங்காய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தேங்காயே இல்லாத ஊரில் மண்டி எதற்கு? முதலாளி பூட்டிவிட்டுச் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரருக்கோ வேலை வாசலில் வந்து நிற்கிறது. ஊரில் பாதி வீடு தரையோடு கிடக்கிறது. கலியமூர்த்தி கொத்தனார் என்றால் வேதாரண்யம் வரைக்கும் பெயர். தினமும் யாராவது தேடி வருகிறார்கள். "உடம்பு சரியில்ல" என்று கட்டிலில் இருந்தபடியே அனுப்பிவிடுகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. புயலன்றிலிருந்து கலவைக் கரணையைக் கையில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

புயலன்று அவருடைய தங்கை அஞ்சம்மாள் வீட்டில் சுவர் விழுந்து அவள் கணவர் முருகையன் செத்துப்போனார். மச்சானும் மாப்பிள்ளையும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருந்தவர்கள். அந்தத் துக்கம்தான் இவரை இப்படிப் போட்டுவிட்டது என்று ஊரே சொல்கிறது. நானும் அப்படியே எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 2

பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்திருந்தார்கள். இடிந்த வீடுகளைக் கட்டிக் கொடுக்கப்போகிறார்களாம்; ஆனால் கட்டுவது எங்கள் ஊர்ப் பெண்களாகவே இருக்கவேண்டுமாம். சித்தாளாக இல்லை, கொத்தனாராக. சொல்லிக்கொடுக்கத் திருச்சியிலிருந்து லூர்துமேரி என்று ஓர் அம்மாள் வந்திருக்கிறார். அவரும் கொத்தனார்தான். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு.

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பல வருஷமாகச் சித்தாள் வேலை பார்க்கும் பவுனம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, செவுரு நேரா நிக்குதோ இல்லியோ, நாங்க சாரத்துல ஏறி நின்னா ஊரே வந்து நின்னு பாக்குமே!"

"பாக்கட்டும். டிக்கெட் போட்டுருவோம்" என்றார் லூர்துமேரி.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு கை உயர்ந்தது. அஞ்சு. அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்ணனிடம் சித்தாளாக இருந்தவள். எத்தனை வீட்டுக்குச் செங்கல் சுமந்திருப்பாள். அவள் கையைப் பார்த்து நானும் தூக்கினேன்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார்.

"நீ வேணும்னா போ. அஞ்சுவக் கூட்டிக்கிட்டுப் போவாத."

"ஏனாம்?"

"தாலி அறுத்து மூணு மாசம் ஆவல. வேணாம்னா வேணாம்."

புயலுக்கு அப்புறம் அவர் இவ்வளவு பேசியது இன்றைக்குத்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்குச் சட்டி சொமந்தப்ப அவ பொம்பளன்னு தெரியலயா? இப்ப கரணை புடிச்சாத்தான் கௌரவம் கொறஞ்சுபோவுதா?" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆண்பிள்ளை ரோஷம். படிக்காதவர், படித்தவர் என்று அதில் வித்தியாசம் கிடையாது.

பிப்ரவரி 11

பள்ளிக்கூட மைதானத்தில் காலையில் சுவர் கட்டுகிறோம், மாலையில் இடிக்கிறோம். அதே செங்கல்தான் மறுநாளைக்கும். என் சுவர் இன்று வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. "எத்தனாவது மாசம் நாயகி?" என்று பவுனம்மாள் கேட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். உண்மையிலேயே சிரிப்பு வந்தது.

அஞ்சுவின் சுவரில், நேர் பார்க்கும் தூக்குக்குண்டு மயிரிழை பிசகாமல் நின்றது. "யாருகிட்டத் தொழில் பாத்த?" என்று லூர்துமேரி கேட்டார்.

"எங்கண்ணன்கிட்ட" என்றாள். எவ்வளவு பெருமையாகச் சொன்னாள்.

பிப்ரவரி 20

சிமெண்ட் தின்று விரலெல்லாம் புண். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெயைக் கடையில் பாக்கெட்டில் வாங்கினேன்.

மார்ச் 1

இன்று 'பல் விடுவது' பற்றிப் பாடம். பழைய சுவரோடு புதுச் சுவர் சேரும் இடத்தில் சும்மா ஒட்டிக் கட்டிவிடக் கூடாது. பழைய சுவரில் ஒரு வரி விட்டு ஒரு வரி செங்கல்லை உடைத்துப் பள்ளம் எடுக்கவேண்டும். புதுச் சுவரின் செங்கல் அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்காரவேண்டும். இரண்டு கை விரல்களைக் கோத்துக் காட்டினார் லூர்துமேரி. "இப்படிக் கோத்துக்கிட்டா ரெண்டு செவுரும் ஒரே செவுரு. இல்லன்னா பக்கத்துல பக்கத்துல நிக்கிற ரெண்டு பேரு. பூசிட்டா வெளியில தெரியாது. வருஷக்கணக்கா நிக்கும். காத்து ஒருநாள் கேட்டுரும்."

இரண்டு விதமாகவும் கட்டி வைத்திருந்தார். பல் விட்டதைப் பவுனம்மாள் உதைத்தாள். அவள் கால்தான் வலித்தது. ஒட்டிக் கட்டியதை லூர்துமேரி உள்ளங்கையால் தள்ளினார். உடையவில்லை, சிதறவில்லை. முழுசாக, ஒரு கதவு சாய்கிற மாதிரி அப்படியே சாய்ந்தது. எல்லோரும் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள்.

அஞ்சு தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் பையை நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இன்று நல்ல வெயில்தான்.

சாப்பிடும்போது இவர் கேட்டார், "இன்னைக்கி என்னா சொல்லிக் குடுத்தாங்க?" இதுவரை கேட்டதே இல்லை.

"நூல் புடிக்கிறது" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 9

முதல் வீடு அஞ்சுவுக்குத்தான் என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். அவள் மகளோடு கொட்டகையில் கிடக்கிறாள். பழைய வீட்டில் நிற்கிற சுவர்களை இடித்துத் தரையைச் சுத்தம் செய்யும் வேலை இன்று ஆரம்பித்தது.

அந்த வீட்டில் பக்கவாட்டு அறை பிறகு சேர்த்தது. அஞ்சுவின் மகள் பெரியவளானபோது, சடங்குக்கு முன்னால் பிள்ளைக்கு ஓர் அறை வேண்டுமென்று தாய்மாமன் சீராக இவரே கட்டிக்கொடுத்தார், கூலி வாங்காமல். சடங்கன்று அந்த அறை வாசலில்தான் வாழைமரம் கட்டினார்கள். புயலன்று விழுந்தது அந்த அறையின் சுவர். பழைய வீட்டுச் சுவர் நிற்கிறது.

இரண்டு சுவரும் சேர்ந்திருந்த மூலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மற்றவர்களைப் பின்பக்கம் அனுப்பினேன். காரை மண்ணைக் கையால் தட்டிவிட்டேன். பழைய சுவரின் நீல வெள்ளையடிப்பு மேலிருந்து கீழ்வரை அப்படியே இருந்தது. வழவழவென்று. ஒரு செங்கல்கூட உடைபட்ட தழும்பு இல்லை.

உளியை வைத்து, ஒரு வரி விட்டு ஒரு வரி, கைக்கு எட்டிய உயரம் வரை உடைத்தேன். எப்படியும் இடிக்கப்போகிற சுவர். அதனால் இதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

மார்ச் 10

வேலைக்குப் போகவில்லை. எல்லாப் போர்வைகளையும் துவைத்தேன்.

மார்ச் 12

அடிபம்பில் குடத்தை வைத்துவிட்டு அஞ்சு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணி, இடிக்கப்போற செவுத்துல யாராச்சும் பல்லு ஒடைப்பாங்களா?"

நான் பம்பை அடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் பேசவேண்டியிருக்கும் என்று அடித்துக்கொண்டே இருந்தேன். குடம் நிரம்பி வழிந்தது.

"போதும் அண்ணி. தண்ணி போவுது."

நிறுத்தினேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சா ஒடச்சீங்க? அன்னைக்கிச் செங்கல் எடுத்துக் குடுத்தது நாந்தானே. அண்ணன் உளிய எடுத்துக்கிட்டு ஒடைக்கத்தான் வந்துச்சு. நாந்தான் வேணாம்ணேன்னு சொன்னேன். புதுசா வெள்ளையடிச்ச செவுரு, ஒடச்சா விரிசல் வுட்டுரும், சடங்குக்கு ஆளு வர நேரத்துல வீடெல்லாம் தூசியாயிரும், சும்மா ஒட்டிக் கட்டிருண்ணேன்னு. சரின்னுட்டுச்சு. நான் சித்தாளு அண்ணி. எனக்கு என்னா தெரியும்? அண்ணனுக்குத் தெரியும்ல?"

"அஞ்சு..."

"இந்த வேலையக் கத்துக்காமயே இருந்துருக்கலாம். புயலு வந்துச்சு, அவுகளக் கொண்டுபோச்சுன்னு இருந்தேன். புயலுகிட்டக் கோவிச்சுக்க முடியாதுல்ல? அழுதுட்டுப் படுத்தாத் தூக்கம் வந்துச்சு. இப்ப யாருகிட்டக் கோவிச்சுக்கறது, சொல்லுங்க. எங்கிட்டயா, அண்ணன்கிட்டயா?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நடை ஆடவில்லை, ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பிப்ரவரி 2-ஆம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். ரோஷம் என்று எழுதியிருக்கிறேன். தங்கை தொழில் கற்றுக்கொண்டால் எதைக் கற்றுக்கொள்வாள் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

மார்ச் 13

"அஞ்சுவுக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்று அவராகவே கேட்டார். என் முகத்தில் இருந்திருக்கும்.

"ம்."

"நீ சொன்னியா?"

"யாரும் சொல்லல. பாடத்துல வந்துச்சு."

"ஒட்டிக் கட்டச் சொன்னது அவதானாமே" என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அவ ஆயிரம் சொல்லுவா. சின்னதுலேருந்து அப்படித்தான், எதுக்கும் அவசரம். அவ சொன்னா நான் செஞ்சுடறதா? கொத்தனாரு நானு நாயகி."

பிறகு கஞ்சி குடித்தார். உப்பு போதவில்லை என்றார். இந்தத் தண்ணீருக்கே அப்படிச் சொல்கிறார்.

மார்ச் 26

அடுத்த வாரம் நிலை வைக்கிறோம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் புது வீடு என்றால் வாசல் நிலை பிறந்த வீட்டுச் சீர். அண்ணன்தான் தோளில் சுமந்து வந்து இறக்கவேண்டும். அதற்கு முன் தங்கை வெற்றிலைத் தட்டோடு வந்து முறையாக அழைக்கவேண்டும்.

கொல்லையில் விழுந்த வேம்பை அறுத்து, தச்சரிடம் கொடுத்து நிலை செய்துவைத்திருந்தார். ஒரு வாரமாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார், எண்ணெய் விடுகிறார், மறுபடி தேய்க்கிறார். கட்டிலை விட்டு அவர் எழுந்து செய்த வேலை இது ஒன்றுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வருவாளா என்று அவரும் கேட்கவில்லை. பகலில் வாசல்பக்கம் முகம் வைத்துத்தான் தேய்க்கிறார்.

மார்ச் 28

வந்தாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம் எல்லாம் முறையாக இருந்தன. என் கையில் கொடுத்தாள்.

"அண்ணி, பொறந்த வீட்டுச் சீர நீங்க கொண்டாந்துருங்க. நீங்க மட்டும் வாங்க."

அவர் உள்ளே நிலைக்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம். அவள் எட்டிப் பார்க்கவில்லை. அவர் கையும் நிற்கவில்லை.

"ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டுப் போ அஞ்சு."

"இன்னொரு நாளைக்கி அண்ணி."

ஏப்ரல் 1

தெருமுனை வரை நிலையைத் தோளில் சுமந்து வந்தார். அங்கே இறக்கிவைத்துவிட்டு, "இதுக்கு மேல நீங்க தூக்கிக்குங்க" என்று பவுனம்மாளிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மடிப்புக் கலையாத வேட்டி கட்டியிருந்தார். கடைசி நிமிடத்தில் கூப்பிடுவாள் என்று நினைத்திருப்பார்போல.

லூர்துமேரி என்னைத்தான் நிலை வைக்கச் சொன்னார். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். குலவை போட்டார்கள். கூட்டத்தில் ஒரு வெளியூர்க் கிழவர், "பொண்ணுக்கு அண்ணன்காரன் எங்க? இதுக்குக்கூட வரலயா?" என்று சத்தமாகக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சு சொன்னாள்: "அண்ணன் வெளியூர்ல வேலைக்குப் போயிருக்கு தாத்தா. சீரு வந்துருச்சுல்ல, பாருங்க, எவ்ளோ எழைச்சிருக்குன்னு."

சொல்லிவிட்டு நிலைக்காலை ஒருமுறை தடவினாள். அப்புறம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 19

சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. வேலை நடக்கிற இடத்தில் டீ வந்தால் முதல் கிளாஸ் கொத்தனாருக்கு, கடைசியில்தான் சித்தாள்களுக்கு. டீக்கடைக்காரர் இன்று தூக்கோடு வந்து நின்று யாருக்கு முதலில் ஊற்றுவது என்று தெரியாமல் விழித்தார். "எல்லாரும் கொத்தனாருதான்யா, ஊத்து" என்றாள் பவுனம்மாள். சூடாக ஒரு கிளாஸ் டீ குடிக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது அவளுக்கு. ஆற அமரக் குடித்தாள், வேண்டுமென்றே.

பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டையும் எங்களிடமே கொடுப்பதாகச் சொன்னார்கள். வாரக் கூலி கையில் வருகிறது. அஞ்சுவின் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள்.

சாரத்தின் மேலே நிற்கும்போது தூரத்தில் உப்பளம் வெள்ளையாகத் தெரிகிறது. இன்று சந்தோஷமாக இருந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

ஏப்ரல் 30

குறுக்குச் சுவர் சேரும் மூலைகளை வேறு யாரையும் கட்ட விடமாட்டேன் என்கிறாள் அஞ்சு. நாலு மூலையும் அவள்தான். ஒவ்வொரு பல்லுக்குள்ளும் விரலை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் கலவை வைக்கிறாள். லூர்துமேரி ஒருமுறை, "போதும்டி, யானை முட்டுனாலும் விழாது" என்றார். அஞ்சு நிமிரவில்லை.

மே 12

கேரளாவில் கொல்லத்துக்குப் போகிறேன் என்றார். அங்கே வேலை நிறைய இருக்கிறதாம், தெரிந்தவர் கூப்பிட்டிருக்கிறாராம்.

எனக்கு மனசு லேசானது. "கொத்தனாருக்கு அங்க நல்ல மரியாதையாமே" என்றேன். அவருடைய கரணையை நான்தான் இப்போது வைத்திருக்கிறேன். கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"அது ஒங்கிட்டயே இருக்கட்டும். நான் கையாளாத்தான் போறேன்."

"கையாளாவா? நீங்களா?"

"கலவை கொழைக்கறதுக்கு, கல்லு தூக்கறதுக்கு ஆளு வேணுமாம். அங்க என்னைய யாருக்குத் தெரியும்?"

இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் இப்போது சம்பாதிக்கிறேன், நீங்கள் சும்மா இருந்தாலும் போதும் என்று சொல்லலாமென்று வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லாமல் இருந்ததுதான் நல்லது. இரண்டு சட்டையை மடித்து வைத்தேன். ஊறுகாய் போட்டிருந்தது, ஒரு டப்பாவில் எடுத்துக் கொடுத்தேன்.

மே 14

காலைப் பஸ்ஸில் போய்விட்டார். அஞ்சு வீட்டுத் தெரு வழியாகப் போனால் பஸ் நிறுத்தம் பக்கம். வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு போனார்.

மே 29

தளம் போட்டாயிற்று. உடம்பெல்லாம் வலி. வீடு ரொம்ப நிசப்தமாக இருக்கிறது. ஒரு ஆள் சமையல் எனக்கு இன்னும் கைவரவில்லை, தினமும் சோறு மிஞ்சுகிறது.

ஜூன் 16

அஞ்சு குடிபோனாள். பால் காய்ச்சினாள், எங்கள் எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். முருகையன் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் வைத்தாள். இன்னொரு டம்ளரில் ஊற்றி, மூடி, என்னிடம் கொடுத்தாள். யாருக்கென்று சொல்லவில்லை. கொல்லத்துக்குப் பாலை எப்படி அனுப்புவது? வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெயிலில் திரிந்துபோயிருந்தது. கொட்ட மனசில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு கொட்டினேன். அவளிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

சாயங்காலம் அவர் போன் செய்தார். அங்கே மழை பிடித்துவிட்டதாம். ஓட்டுமேல் விழும் சத்தம் எனக்கே கேட்டது. சாப்பாடு பரவாயில்லை என்றார். மீன் குழம்பில் தேங்காயாக ஊற்றுகிறார்கள் என்றார்.

"அஞ்சு குடிபோயிருச்சா?"

"இன்னைக்கித்தான். பால் காய்ச்சியாச்சு."

"மூலையெல்லாம்..."

"பல்லு வுட்டுத்தான் கட்டியிருக்கு. நாலு மூலையும் அவதான் கட்டுனா. யாரையும் தொட வுடல."

"நல்லாக் கட்டுனாளா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் எப்போதும் சீண்டிக்கொள்வோம். இருபது வருஷப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

"ஒங்களவிட நல்லாக் கட்டியிருக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"அப்பச் சரி" என்றார்.